கேமராவை விற்பது இருக்கட்டும், முதலில் இடது கை
சிறுநீரக மருத்துவர் பதில்

கடிதம்

காவிரிப் படுகையில் ஒரு சிறு நகரத்திலிருந்து ஒரு புகைப்படக்காரர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். வயது 44. இருபது வருடமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறார். வருமானம் பெரும்பாலும் கல்யாணங்களில்தான். ரத்தக் கொதிப்பு இருப்பது தெரிந்தும் மாத்திரையை விட்டு விட்டுப் போட்டிருக்கிறார். முதுகுவலிக்கு மட்டும் முகூர்த்த மாதங்களில் தவறாமல் மருந்துக்கடை மாத்திரை. சென்ற சித்திரையில் ஒரு மண்டபத்தில் மூச்சுவாங்கி உட்கார்ந்தவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 11, மிக அதிகம். ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் சுருங்கியிருந்தன.

அன்றிலிருந்து திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ், கழுத்துக் குழாய் வழியாக. டயாலிசிஸ் ஊசிக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைக்கும் ஃபிஸ்டுலா என்ற சின்ன அறுவையைச் செய்துகொள்ளச் சொல்லி டாக்டர் மூன்று முறை எழுதிக் கொடுத்தும் இவர் போகவில்லை. "லென்ஸைத் தாங்குவது இடது கை. அதில் கத்தி வைத்துவிட்டால் தொழில் போச்சு." கேமராக்களையும் டிரோனையும் கேட்டு ஒருவர் வந்திருக்கிறார். விற்றுவிட்டு உட்காரச் சொல்கிறது வீடு. மனைவி தன் சிறுநீரகத்தைத் தருவதாகச் சொல்கிறார். இவருக்கு பி, அவருக்கு ஏ. "ரத்த வகை சேரவில்லை, அதோடு விட்டாச்சு." கிரியேட்டினினை இறக்கும் வேர்மருந்து ஒன்றையும் உறவினர் சிபாரிசு செய்கிறார்.

இத்தனைக்கும் நடுவே ஒரு சம்பவம். டயாலிசிஸில் பக்கத்துக் கட்டில் பெரியவர் ஒருநாள், "தம்பி, ஆதார்ல இருக்கறது நான் மாதிரியே இல்ல. நல்லதா ஒண்ணு எடுத்துக் குடு" என்றாராம். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜன்னல் பக்கம் உட்காரவைத்து எடுத்திருக்கிறார். பெரியவர் துண்டைத் தோளில் இழுத்துவிட்டுக் கழுத்துக் குழாயை மறைத்துக்கொண்டாராம். அடுத்த மாதம் அவர் காலமாகிவிட்டார். வீட்டில் மாலை போட்டிருப்பது அந்தப் படத்துக்குத்தான். அதன்பின் அதே டயாலிசிஸ் பிரிவில் இன்னும் சிலர் கேட்டிருக்கிறார்கள். "எத்தனையோ ஆல்பம் போட்டிருக்கிறேன். எதுவும் மனதில் நிற்கவில்லை, இது நிற்கிறது. இந்த உடம்பை வைத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்குவது பைத்தியக்காரத்தனமா? காசு வாங்குவது பாவமா?" என்று கேட்கிறார். கடைசிப் பக்கத்தில், "சில ராத்திரி, நாளைக்குப் போகாமலே இருந்துவிட்டால் என்ன என்று தோன்றுகிறது" என்றும் ஒரு வரி.

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் கடைசிப் பக்க வரியிலிருந்து தொடங்குகிறேன். டயாலிசிஸுக்குப் போகாமல் விடுவது தூக்கத்தில் நிம்மதியாகப் போய்ச் சேரும் வழி என்று பலர் நினைக்கிறார்கள். நுரையீரலில் நீர் கோத்து, படுக்க முடியாமல், மூச்சுக்குத் தவித்து நள்ளிரவில் கொண்டுவரப்படுபவர்களைப் பார்க்கிற வேலை என்னுடையது. அதில் நிம்மதி எதுவும் கிடையாது. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு மனச்சோர்வு மிகச் சாதாரணமாக வருகிறது, அதற்கு மருந்தும் ஆலோசனையும் உண்டு. அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் அந்த வரியை அப்படியே சொல்லுங்கள். மனைவிக்கும் தெரியட்டும். ராத்திரியில் தோன்றினால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையோ 104-ஐயோ கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம். நினைப்பு வலுத்தால் காலைவரை காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இனி தொழில். கேமராவை விற்கலாமா என்பதை முதல் கேள்வியாக எழுதியிருக்கிறீர்கள். ஃபிஸ்டுலாவைப் பற்றி மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் இரண்டு வரி. என் கணக்கில் இது தலைகீழ். நீங்கள் இன்னும் பல வருடம் படம் எடுப்பீர்களா என்பதைத் தீர்மானிக்கப்போவது அந்தச் சின்ன அறுவைதான். அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே தொழிலின் எதிர்காலத்தைப் பற்றி நாம் பேசுவதில் பயனில்லை.

வலி மாத்திரைதான் சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது என்று உங்களையே திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இருக்கலாம். கொதிப்பு சிறுநீரகத்தைக் கெடுத்ததா, கெட்டுக்கொண்டிருந்த சிறுநீரகம் கொதிப்பைக் கொண்டுவந்ததா என்பதையே இந்த நிலையில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டும் சுருங்கிய பிறகு காரணம் தேடுவதில் லாபம் இல்லை. ஆனால் இப்போதும் கொஞ்சம் சிறுநீர் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கொஞ்சம் பொக்கிஷம். அதைக் காப்பாற்றவாவது டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகளைத் தொடாதீர்கள்.

வேர்மருந்து பற்றி இரண்டே வாக்கியம். சுருங்கிய சிறுநீரகத்தை விரியவைக்கும் மருந்து எந்த வைத்திய முறையிலும் இல்லை. அதை நம்பி டயாலிசிஸை நிறுத்தியவர்கள் திரும்பி வரும்போது பெரும்பாலும் ஆம்புலன்ஸில்தான் வருகிறார்கள்.

கழுத்துக் குழாயும் இடது கையும்

ஃபிஸ்டுலா என்பது கையில் ஒரு தமனியையும் சிரையையும் இணைத்துத் தைப்பது. கையை மட்டும் மரத்துப்போகச் செய்து, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தமனியின் வேகத்தில் ரத்தம் பாய்ந்து பாய்ந்து சிரை தடிக்கும். ஊசி போடத் தயாராக ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம். சிலருக்கு முதல் முறை தேறாமல் இன்னொரு இடத்தில் போட வேண்டியிருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கை செயலிழந்துவிடும் என்பது தவறான எண்ணம். கை தேறட்டும் என்று பந்தைப் பிசையச் சொல்பவர்களே நாங்கள்தான். புண் ஆறும்வரை கனம் தூக்கக் கூடாது. அதன்பின் உள்ளங்கையில் லென்ஸைத் தாங்குவதால் பிரச்சினை வராது. பிரச்சினை வருவது வேறு விதத்தில்: கேமரா வாரை முன்கையில் சுற்றிக்கொள்வது, பையை முழங்கை மடிப்பில் தொங்கவிடுவது, இறுக்கமான கடிகாரம், காப்பு, கோயில் கயிறு. ரத்த ஓட்டத்தை நெருக்கும் எதுவும் அந்தக் கைக்கு ஆகாது. கொதிப்பு பார்க்கப் பட்டை சுற்றவோ ரத்தம் எடுக்கவோ அந்தக் கையை யாருக்கும் நீட்டாதீர்கள். எழுபது–இருநூறு லென்ஸோடு கேமரா இரண்டு கிலோவைத் தாண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதை மணிக்கணக்கில் கையில் வைத்திருக்காமல் மோனோபாட் என்ற ஒற்றைக்கால் தாங்கியில் நிறுத்துங்கள். முதுகுக்கும் நல்லது, அந்த மாத்திரையின் தேவையும் குறையும்.

அறுவைக்கு முன் சர்ஜனிடம், "நான் போட்டோகிராபர், இடது கையில் லென்ஸைத் தாங்குவேன், வலது கையில் பட்டன் அழுத்துவேன்" என்று நடித்தே காட்டுங்கள். மணிக்கட்டா, முழங்கையா, எந்தப் பக்கம் என்று அவர் யோசிக்க அது உதவும். அபூர்வமாகச் சிலருக்கு விரல்களுக்குப் போகும் ரத்தம் குறைந்து சில்லிடும், மரத்துப்போகும். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும் விரலில் அப்படித் தெரிந்தால் உடனே காட்டுங்கள், சரிசெய்ய வழி உண்டு. தினமும் காலையில் தையல் இடத்தில் விரல் வைத்துப் பாருங்கள். பூனை உறுமுவதுபோல் ஓர் அதிர்வு இருக்கும். அது நின்றுவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இதோடு ஒப்பிட்டால் கழுத்துக் குழாய்தான் உங்கள் தொழிலுக்கு எதிரி. ஹோமப் புகை, வியர்வை, கூட்டத்தில் இடி, நனையக் கூடாது என்ற கட்டுப்பாடு. ஏற்கெனவே ஒருமுறை தொற்று வந்து குழாயை மாற்றியிருக்கிறார்கள். அந்த வழியாகக் கிருமி நேரே இதயத்துக்குப் போகும். குளிரோடு நடுங்கிக் காய்ச்சல் வந்தால் மறுநாள் டயாலிசிஸ் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இப்போது ஐப்பசி. இந்த மாதத்துக்குள் அறுவை முடிந்தால் மார்கழி எப்படியும் உங்களுக்குக் கல்யாணம் இல்லாத மாதம். தை கடைசியில் கை தயாராக வாய்ப்பு உண்டு.

ஊசியே வேண்டாம் என்றால் வயிற்று வழி டயாலிசிஸும் இருக்கிறது. வயிற்றில் ஒரு மெல்லிய குழாய், வீட்டிலேயே தினமும் மூன்று நான்கு தடவை திரவத்தை மாற்ற வேண்டும், ஒரு தடவைக்கு அரை மணி நேரம். சுத்தமான அறையும் கையைக் கழுவும் பொறுமையும் தேவை. உங்கள் ஸ்டூடியோவில் லைட் வைத்திருக்கும் பின்னறையை இதற்கு ஒதுக்க முடியுமா என்று பாருங்கள். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உங்களுக்கு ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

எந்தக் கிழமை, எந்தக் கல்யாணம்

கல்யாணத்துக்காக இரண்டு முறை டயாலிசிஸைத் தவறவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு புதன், ஒரு வெள்ளி. இனி அது கூடாது. அதற்குப் பதில், செவ்வாய், வியாழன், சனி ஷிஃப்ட் கேளுங்கள். செவ்வாயிலும் சனியிலும் நம் பக்கத்தில் யார் தாலி கட்டுகிறார்கள்? புதனும் வெள்ளியும் ஞாயிறும் டயாலிசிஸுக்கு மறுநாள்களாக உங்களுக்குக் கிடைத்துவிடும். இடம் காலியாகச் சில வாரம் ஆகலாம், இன்றே பெயர் கொடுத்து வையுங்கள்.

திங்கள் மட்டும் ஜாக்கிரதை. சனிக்குப் பிறகு செவ்வாய்வரை இடைவெளி நீளம். உப்பும் நீரும் பொட்டாசியமும் ஏறி நிற்கும் நேரம் அது. மாரடைப்பும் மூச்சுத் திணறலும் டயாலிசிஸ்காரர்களுக்கு இந்த நீண்ட இடைவெளியின் முடிவில்தான் அதிகம் வருகின்றன. திங்கட்கிழமை முகூர்த்தங்களை அசிஸ்டென்ட் பார்க்கட்டும்.

முந்தின இரவு ரிசப்ஷனையும் விடியற்காலை முகூர்த்தத்தையும் ஒரே ஆள் எடுக்கும் பழக்கத்துக்கு முழுக்குப் போடுங்கள். முகூர்த்தம் உங்களுக்கு, ரிசப்ஷன் வேறு ஒருவருக்கு. எடிட்டிங், ஆல்பம் எல்லாம் உட்கார்ந்து செய்கிற வேலை, அது உங்களிடமே இருக்கட்டும். டயாலிசிஸ் முடிந்த கையோடு பைக் ஓட்டாதீர்கள், கொதிப்பு சட்டென்று இறங்கி மயக்கம் வரும்.

மண்டபத்தில் அன்போடு நீட்டுவார்களே, இளநீர், அதுதான் முதல் ஆபத்து. பொட்டாசியம் ஏறினால் எந்த அறிகுறியும் காட்டாமல் இதயம் நின்றுவிடக்கூடும். பந்தியில் வாழைப்பழம், ஊறுகாய், அப்பளம் வேண்டாம். ரசத்தையும் மோரையும் தண்ணீர்க் கணக்கில் சேருங்கள். முந்தின நாள் போன சிறுநீரின் அளவு, அதோடு அரை லிட்டர், இதுதான் பொதுவான கணக்கு. உங்களுக்கான அளவை உங்கள் டாக்டர் சொல்வார். படி ஏறவே களைப்பாக இருக்கிறது என்பதற்கு நீங்கள் நினைப்பதுபோல் "எல்லாம் முடிந்தது" என்று அர்த்தம் இல்லை. உங்கள் ஹீமோகுளோபின் 7.8, அதாவது ரத்தம் குறைவு. இரும்புச்சத்து ஊசியும் ரத்தம் ஊறவைக்கும் எரித்ரோபாய்டின் ஊசியும் ஒழுங்காகப் போட்டு அது 10-ஐத் தொட்டாலே நீங்கள் வேறு ஆளாக உணர்வீர்கள். கேமராவை விற்பது பற்றி அந்த நாளில் யோசியுங்கள். 7.8-இல் எந்தப் பெரிய முடிவும் வேண்டாம்.

அந்தப் படங்கள்

பைத்தியக்காரத்தனமா என்று கேட்டீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் ஊரில் முக்கால்வாசி வீடுகளில் மாலை போட்டு மாட்டியிருப்பது எந்தப் படம்? ஆதார் படம், இல்லாவிட்டால் ரேஷன் கார்டில் இருந்ததைப் பெரிதாக்கியது, அதுவும் இல்லாவிட்டால் யாரோ ஒருவர் கல்யாண குரூப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்து நீலப் பின்னணியில் ஒட்டியது. கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் இறந்தவரை அவர் பேரனுக்கே அடையாளம் தெரியாது. ஒரு காலத்தில் குடும்பத்தோடு ஸ்டூடியோவுக்குப் போய், தூணும் திரையும் வைத்து, அசையாமல் உட்கார்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். செல்போன் வந்தபின் அது போய்விட்டது. ஆயிரக்கணக்கில் படம் இருக்கிறது, சுவரில் மாட்ட ஒன்று இல்லை. இது நீங்கள் பார்த்துக் கண்டுபிடித்த தேவை. இப்போதைய உங்கள் உடம்புக்கும் பொருந்துகிறது: பகல் வெளிச்சம், உட்கார்ந்த ஆள், ஐம்பது எம்எம் லென்ஸ் ஒன்று, அவசரம் கிடையாது.

பிராக் நகரத்தில் யோசெப் சூடெக் என்றொரு புகைப்படக்காரர் இருந்தார். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். அதற்குமுன் புத்தகம் கட்டும் தொழிலாளி. ஒரு கையால் அந்தத் தொழில் ஓடாது என்று ஆனபிறகுதான் கேமராவை முழுத் தொழிலாக எடுத்துக்கொண்டார், அதுவும் கனமான பெரிய பெட்டிக் கேமரா. ஜெர்மானியர் ஆக்கிரமித்திருந்த காலத்தில் தன் ஸ்டூடியோ ஜன்னலையே திரும்பத் திரும்பப் படம் எடுத்தார், கண்ணாடியில் வழியும் ஈரத்தையும் வெளியே நின்ற மரத்தையும். உங்களைத் தட்டிக்கொடுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஓடிப் பிடிக்க வேண்டியதை விட்டுவிட்டு நின்று பார்க்கக்கூடியதை அவர் தேர்ந்தெடுத்துக்கொண்டார், அந்தத் தேர்வு உங்களுக்கும் உதவும் என்பதால் சொல்கிறேன்.

ஆனால் சில நிபந்தனைகள். டயாலிசிஸ் பிரிவுக்குள் எடுக்காதீர்கள். பக்கத்துக் கட்டில்காரர் முகம் விழும், எந்திரத்தில் பெயர் தெரியும், தொற்றுத் தடுப்புக்கும் இடைஞ்சல். நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கி வராந்தாவிலோ, அவரவர் வீட்டிலோ, உங்கள் ஸ்டூடியோவிலோ வைத்துக்கொள்ளுங்கள். டயாலிசிஸ் முடிந்ததும் முகம் துவண்டிருக்கும், அன்று வேண்டாம், மறுநாள் காலை எடுங்கள். மகன் கேட்டால் போதாது, உட்காரப்போகிறவர் தலையாட்ட வேண்டும். குழாய் தெரியலாமா கூடாதா என்பதையும் அவரே சொல்லட்டும். இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள், நோயாளி என்ற குறிப்போடு போடவே போடாதீர்கள்.

காசு வாங்குங்கள். தாராளமாக. இலவசமாக ஆரம்பித்தால் பிரிண்ட் செலவு உங்கள் ஊசிச் செலவோடு மோதும், சில மாதத்தில் நின்றுவிடும். முடியாதவருக்குக் குறைத்துக்கொள்வது உங்கள் இஷ்டம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் கசப்பாக இருந்தாலும். அந்த அறையில் நீங்களும் ஒரு நோயாளி. சக நோயாளிகளை மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தால், ஒவ்வொருவராகப் போகும்போது ஒவ்வொரு படமும் உங்கள் ராத்திரிகளில் வந்து உட்காரும். அதனால் ஊரிலிருந்து தொடங்குங்கள். திடமாக இருக்கும் தாத்தா பாட்டிகள், டீக்கடைக்காரர், பள்ளிக்கூட ஆயா. டயாலிசிஸ் நண்பர்கள் அவர்களுக்கு நடுவே வரட்டும்.

மனைவி தரட்டுமா

ரத்த வகை சேராவிட்டால் முடியாது என்பது பழைய கதை. வகை மாறினாலும் முன்கூட்டியே சிகிச்சை கொடுத்து மாற்று அறுவை செய்கிறார்கள், செலவும் தொற்று அபாயமும் கூடுதல். இன்னொரு வழி பரிமாற்றம். உங்களுக்கு பி, மனைவிக்கு ஏ. ஏ வகை நோயாளிக்கு பி வகை உறவினர் தர முன்வந்து கைகட்டி நிற்கும் குடும்பம் ஒன்று எங்கேயாவது இருக்கும். உங்கள் மனைவி அவருக்கு, அவர்கள் உங்களுக்கு. 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்தில் 2011-இல் செய்த திருத்தம் இதை அனுமதிக்கிறது. மாற்று அறுவை நடக்கும் மையத்தில் இதற்கென்று பதிவு செய்யச் சொல்லுங்கள். கூடவே, இறந்தவர்களிடமிருந்து பெறும் சிறுநீரகத்துக்காகத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் பட்டியலிலும் அந்த ஆஸ்பத்திரி வழியாகவே பெயர் சேருங்கள். பெயர் இருந்தால்தான் முறை வரும்.

கொடுப்பவருக்கு என்ன ஆகும் என்ற உங்கள் பயம் நியாயமானது. முறையாகப் பரிசோதித்துத் தேர்ந்தெடுத்தால் ஒரு சிறுநீரகத்தோடு இயல்பாக வாழலாம். அபாயம் சுத்தமாக இல்லை என்று சொல்ல மாட்டேன். பின்னாளில் கொதிப்பு, சிறுநீரகப் பாதிப்பு வரும் வாய்ப்பு சிறிதளவு கூடுகிறது. சர்க்கரையோ கொதிப்போ இப்போதே இருந்தால் நாங்களே வேண்டாம் என்போம். நம் நாட்டில் உயிரோடு இருந்து தருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அவர்களில் எத்தனை பேர் மனதாரத் தருகிறார்கள், எத்தனை பேர் வேறு வழியில்லாமல் தருகிறார்கள் என்ற கேள்வி எனக்கு எப்போதும் உண்டு. அதனால் உங்கள் மனைவியை டாக்டரிடம் தனியாகப் பேச விடுங்கள், மாமியாரும் நாத்தனாரும் இல்லாமல். அதே சமயம், அவரிடம் கலக்காமலேயே நீங்கள் வேண்டாமென்று முடித்துவிட்டதும் சரியில்லை.

கணவன் மனைவி என்றால் சட்டப்படி நெருங்கிய உறவு. அதை நிரூபிக்க விதிகள் கேட்கும் ஆவணங்களில் திருமணச் சான்றிதழோடு கல்யாண போட்டோவும் குடும்பப் படமும் உண்டு. ஊரார் கல்யாணத்தையெல்லாம் எடுத்த நீங்கள் உங்கள் ஆல்பம் எங்கே இருக்கிறது என்று பரணில் தேடிப் பாருங்கள்.

மாற்று அறுவைக்குப் பிறகும் மருந்து ஆயுளுக்கும் உண்டு. முதல் சில மாதம் மண்டபக் கூட்டத்துக்குள் போகவே கூடாது. தேதி கேட்டால் ஆடிக்கு ஒட்டி வாங்கப் பாருங்கள்.

பணம்

சுருக்கமாக. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸுக்கும் மாற்று அறுவைக்கும் உதவி உண்டு. வருமானச் சான்று கிராம நிர்வாக அலுவலரிடம் தொடங்கும். யாரோ மாற்றுத்திறனாளி அட்டை வாங்கச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் சிறுநீரகச் செயலிழப்பு இல்லை, அதற்காக அலையாதீர்கள்.

டிரோனை விற்றுவிடுங்கள். அதில் எனக்குத் தயக்கம் இல்லை, பறக்கவிட அசிஸ்டென்ட் வாடகைக்கு எடுத்துக்கொள்வார். ஒரு கேமராவும் ஐம்பது, எண்பத்தைந்து எம்எம் லென்ஸ்களும் இருக்கட்டும். தை மாதத்துக்கு அட்வான்ஸ் வாங்கிய மூன்று வீட்டுக்கும் இந்த வாரமே போன் செய்து நிலைமையைச் சொல்லுங்கள். முகூர்த்தம் நான், ரிசப்ஷன் இன்னார் என்று பெயரோடு சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாதவருக்கு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த மூன்றில் ஒன்று திங்கட்கிழமை வருகிறதா என்று காலண்டரைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.